ஒரே வகைக் கிருமி

கிள்ளானில், தம் அக்கா வீட்டில் இருக்கும் என்னவருக்கு,

ஈறில் இன்னும் இரத்தம் வருகிறதா? உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன், செய்திருக்க மாட்டீர்கள்.

போன மாதம் சட்டைகளை எடுக்க வந்தபோது, "வாயைத் திறங்க, எங்க லேப்புக்கு வேணும்" என்று உங்கள் பல்லிடுக்கில் மாதிரி எடுத்தேனே, அதன் முடிவு வந்துவிட்டது. ஈறை அரிக்கும் கிருமி இருக்கிறது. ஈறைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள அதற்கு உதவும் மரபணுவும் பொல்லாத வகை.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவர் வேண்டுமே என்று என் மாதிரியையே வைத்திருந்தேன். எனக்குத்தான் எந்தக் குறையும் கிடையாதே! பார்த்தால் அதே கிருமி, அதே மரபணு. மூன்று முறை சோதித்தேன். மாறவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் பல் டாக்டரம்மாவிடம் போனேன். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பாக்கெட் தே தாரிக் டீயை ஒரே ஸ்ட்ராவில் நாம் மாற்றி மாற்றிக் குடிப்பதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "ஒருத்தர் மட்டும் கிளீன் பண்ணா பத்தாதுலா. மத்தவர்கிட்டேருந்து திரும்ப ஒட்டிக்கும். ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க."

நீங்கள் கிள்ளானுக்குப் போன இந்த எட்டு மாதமாக அப்படி ஒட்டிக்கொள்ள வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்திருக்கிறேன். முடிந்ததும் தே தாரிக்கைப் பாக்கெட்டில் கட்டி வாங்குவோம். டாக்டரம்மாவுக்காக இரண்டு ஸ்ட்ரா கேட்கிறேன்.

பாக்கெட் ஒன்றுதான்.

அதே வீட்டில்,
உங்கள் வீட்டுக்காரி