கணுக்கால் வார் வைத்த செருப்பு

மந்தைவெளி,
12.8.1995

அன்புள்ள என்னவருக்கு,

நலம். மஸ்கட்டில் வெயில் குறைந்ததா?

கோபப்படாமல் படியுங்கள். சினிமாவில் குரூப் டான்ஸ் ஆடப்போகிறேன். இரும்புக் கம்பத்தைப் பிடித்துச் சுற்றும் ஆட்டம். நான்கு நாள் ஒத்திகையும் முடிந்துவிட்டது. ஹைஹீல்ஸ் நாமே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கல்யாணத்துக்குச் செருப்பு வாங்குகிறேன் என்று பொய் சொல்லிக் கிளம்பினால், உங்கள் அம்மாவும் கூடவே பாண்டி பஜாருக்கு வந்துவிட்டார்கள்.

பென்சில் மாதிரி குதி வைத்த ஒன்றை மாட்டி எழுந்தேன். கால் பிசகியது. கடைத் தூணைப் பிடித்தவள், பழக்கதோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன்.

“இன்னாமா, தூணு பேந்துடப் போவுது!” என்று கடைக்காரர் ஓடிவந்தார்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். “எந்தக் கல்யாணத்துலடி தூணைச் சுத்தறாங்க?”

உண்மையைச் சொல்லிவிட்டேன். அழுகையே வந்துவிட்டது.

அத்தை கடைக்காரரிடம் திரும்பினார்கள். “இத்த உள்ள வை. குதி தடியா, கணுக்கால்ல வார் வச்சது எடு. புதுசா கத்துக்கினு கீறா, உழுந்து வெக்கப் போறா.”

அதைப் போட்டு இன்னொரு சுற்றுச் சுற்றச் சொன்னார்கள். செருப்பு கழலவில்லை.

வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு. உங்கள் சம்மதம் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். “லெட்டர் போய்ச் சேரவே பத்து நாளாவும். தாராளமா கேளு,” என்கிறார்கள் அத்தை.

சம்மதம்தானே?

அன்புடன்,
உங்கள் மனைவி