மீசை எடுத்த முகம்

3 ஜூலை 2025, வியாழன்

மீசை, இன்றைக்கு உங்கள் கடைப் பக்கம் போய்விட்டேன். போக வேண்டும் என்று போகவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன், கால் தானாக நடந்துவிட்டது. நகைக்கடை வாசலில் புது ஆள். உங்கள் தலைப்பாகையையே கட்டியிருக்கிறான், அவன் தலைக்கு அது பெரிசு. மீசையும் வைத்திருக்கிறான். அதெல்லாம் ஒரு மீசையா? எனக்கும் ஒரு சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தான். ஓடி வந்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு அடுப்படியில் நின்று தனியாகப் பேசுகிறேனாம். பேசுவதை எழுதிவிடும்மா என்று யாழினி இந்த நோட்டை வாங்கித் தந்தாள். எட்டாவதோடு நின்ற கை, கோணல்மாணலாகத்தான் வருகிறது.

6 ஜூலை, ஞாயிறு

உங்கள் அண்ணன் போன் செய்தார். ஆடி அமாவாசைக்குள் வீட்டில் உங்கள் படம் மாட்டிவிட வேண்டுமாம். கடையில் எடுத்த படம் இருக்கிறதே, தலைப்பாகையும் முறுக்கின மீசையுமாக, அதைப் பெரிசாக்கச் சொன்னார்.

"அது அப்பாவாம்மா, கடை விளம்பரமா?" என்கிறாள் யாழினி. கடைசியாக இருந்த முகம் அது இல்லையே என்கிறாள்.

அதுவும் சரிதான். பொங்கல் கழிந்து ஒரு நாள் மொழுமொழுவென்று வந்து நின்றீர்கள். பார்பர் பிச்சை கை தவறி ஒரு பக்கம் போய்விட்டது, மறுபக்கத்தையும் எடுத்துவிட்டேன் என்றீர்கள். மீசைக்காகக் கொடுத்த வாசல் வேலை. மறுவாரமே கடைக்குப் பின்னால் வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்க அனுப்பிவிட்டார்கள். நான் போய்த் தெருவே கூடும்படி பிச்சையைத் திட்டினேன். கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

மாசியில் டோக்கன் கட்டும் கையுமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். அவ்வளவுதான்.

9 ஜூலை, புதன்

ரேஷனுக்குப் போகும்போது பிச்சை கூப்பிட்டான். கடையில் வேறு யாரும் இல்லை.

"அண்ணி, இதை இனிமேயும் மூடி வைக்க முடியல. என் கை தவறல. அந்த மீசைக்கு இத்தனை வருஷமா நாந்தானே? அண்ணன்தான் எடுறான்னாரு. அழுதுகிட்டே எடுத்தேன்."

ஏன் என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்டா, இந்த மீசையோட போனா என்னை நோயாளின்னு எவனும் நம்பமாட்டேங்குறான்னாரு. என்ன நோய்னு கேட்டேன். உனக்கெதுக்குன்னுட்டாரு. வீட்ல உன் பேரைத்தான் சொல்லப்போறேன், அவ வந்து திட்டினா வாங்கிக்கோன்னாரு. வாங்கிக்கிட்டேன்."

அரிசி வாங்காமல் வந்துவிட்டேன்.

10 ஜூலை

மீசைக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்?

11 ஜூலை, வெள்ளி

ரெண்டு வருஷமாகக் கதவோரம் பாயை இழுத்துப் போட்டுப் படுத்தீர்கள். காற்று வரவில்லை என்றீர்கள். ஃபேனுக்கு அடியில் கிடந்த எனக்கு வந்த காற்று உங்களுக்கு வரவில்லையா? வேறு எவளோ என்றுதான் நினைத்தேன். சட்டையைத் துவைக்குமுன் மோந்து பார்த்திருக்கிறேன், வேர்வை வாசம்தான் இருக்கும். மீசையை எடுத்தபோதுகூட, பிச்சையைத் திட்டிவிட்டு வரும் வழியில், எவளுக்காவது மீசை பிடிக்கவில்லையோ என்று ஒரு நினைப்பு வந்தது.

இப்போது வேறு பயம். கெட்ட நோய் ஏதாவதா? எனக்கும் இருக்குமா? யாழினியிடம் இதை எப்படிச் சொல்வது?

14 ஜூலை, திங்கள்

நீங்கள் சுகர் மாத்திரை வாங்கின ஆஸ்பத்திரிக்கே போனேன். லிசி சிஸ்டர்தான் எனக்கும் பிரஷர் பார்க்கிறவர். போனில் உங்கள் கடைப் படத்தைக் காட்டி, என் வீட்டுக்காரர், மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார் என்றேன். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஊசி போடும் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

கெட்ட நோயா சிஸ்டர் என்றேன். இல்லை என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுகர் இருக்கிற ஆம்பளைங்க நெறைய பேருக்கு வர்றதும்மா. பொண்டாட்டியோட சேர முடியாமப் போயிடும். உங்க வீட்டுக்காரருக்கு அதுதான்."

முதல் தடவை மாத்திரை கொடுக்கும் ஜோஸ்வினிடம்தான் சொன்னீர்களாம். அவன் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த மீசைய வச்சுக்கிட்டு இதைச் சொல்றீங்களேண்ணே, இன்னும் நாலு கல்யாணம் பண்ணலாம் நீங்க" என்றானாம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். நீங்களும் சிரித்தீர்களாம்.

தை மாசம் மறுபடி போயிருக்கிறீர்கள். சிஸ்டருக்கு அடையாளமே தெரியவில்லையாம். "நாந்தாம்மா அந்த மீசை. இப்பக் கேப்பீங்களா?" என்றீர்களாம்.

"கேட்டீங்களா சிஸ்டர்?"

"எனக்குக் கூச்சமாப் போச்சும்மா. பொம்பளைகிட்ட வந்து சொல்றாரேன்னு. இது ஆம்பளைங்க விஷயம், ஜோஸ்வின் லீவு, அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிட்டேன்."

அடுத்த வாரம்தான் உங்களை டோக்கனுக்கு மாற்றினார்களே. புது இடத்தில் லீவு கேட்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எதற்கு லீவு என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார். சில பேருக்கு நெஞ்சு ரத்தக்குழாய் அடைக்கப்போகிறது என்பதற்கு இதுதான் முதல் அடையாளமாம். டாக்டரிடம் அனுப்பி நெஞ்சையும் பார்த்திருக்க வேண்டுமாம். பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்றேன்.

"தெரியலம்மா. பாத்திருக்கணும். அது மட்டும் தெரியும்."

வெளியே ஜோஸ்வின் நின்றான். சின்னப் பையன், யாழினியைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். அறையலாமா என்று வந்தது. அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது போல. "கேலி பண்ணலக்கா. இதுக்கு வர்றவங்க ஒடஞ்சு போய் வருவாங்க. நீங்க ஆம்பளண்ணேன்னு சொன்னா தெம்பாப் போவாங்கன்னு நெனச்சேன். தைரியம்தான் சொன்னேன்க்கா" என்றான். கண் கலங்கியிருந்தது. அவனைத் தாண்டி வந்துவிட்டேன். என் மாத்திரையை வாங்க மறந்துவிட்டேன்.

17 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது.

19 ஜூலை, சனி

அப்ப என்னைப் பிடிக்காம இல்ல — இல்லதானே? வேற எவளும் இல்ல. இதுக்கு நான் சந்தோஷப்படணுமா? செத்தவரைப் பத்தி இப்பப் போய் சந்தோஷப்படுறேன், நான் என்ன பொம்பள?

யாரைக் குத்தம் சொல்ல? அவன் தைரியம் சொன்னான். அந்தம்மா கூச்சப்பட்டுச்சு. வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. ஒருத்தர்கூடக் கெட்டவங்க இல்ல. ஆனா நீங்க இல்ல.

ஊரே பார்த்த மீசைய எடுக்கத் துணிஞ்சீங்க. யாரோ ஒரு நர்ஸ்கிட்டச் சொல்லத் துணிஞ்சீங்க. எட்டிக் கை நீட்டினாத் தொடுற தூரத்துல கெடந்தவகிட்டச் சொல்லல. மீசைன்னு பேர் வச்சது நாந்தானே. கல்யாணமான புதுசுல வச்சது. அந்தப் பேர்தான் தடுத்துச்சா?

20 ஜூலை, ஞாயிறு

மீசை எடுத்த பிறகு எடுத்த எல்லாப் போட்டோவிலும் துண்டால் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். யாழினி தேடித் தேடிப் பார்த்துவிட்டு, டோக்கன் வேலைக்குக் கடையில் கொடுத்த அடையாள அட்டையை எடுத்து வந்தாள். அதில் இருக்கிறது முகம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அட்டையைத் துடைத்துவிட்டு, "இதையே பெரிசாக்கலாம்மா" என்று ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போனாள்.

22 ஜூலை, செவ்வாய்

மாத்திரைக்குப் போனேன். எனக்கு முன்னால் லுங்கி கட்டின ஒருத்தர் ஜோஸ்வின் காதோரம் குனிந்து என்னவோ சொன்னார். "என்ன சார் நீங்க, சிங்கம் மாதிரி—" என்று ஆரம்பித்தான். என்னைப் பார்த்தான். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தான். அவரை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான். போகும்போது அந்த மனுஷர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், நாங்கள் சிரிக்கிறோமா என்று.

கதவு சாத்தினாலும் கஷ்டம்தானோ? எனக்கு ஒன்றும் புரியவில்லை. லிசி சிஸ்டர் என் மாத்திரையை அவரே எடுத்து வந்து தந்தார்.

24 ஜூலை, வியாழன், ஆடி அமாவாசை

காவிரிக்கரையில் அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. உங்கள் அண்ணன் தர்ப்பணம் முடித்து ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தார். வடை, பாயசம், நீங்கள் சாப்பிடுகிற வாழைக்காய் வறுவல், எல்லாம் வைத்துப் படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தேன்.

படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "யாரும்மா இது? எந்தம்பி வீரன் சிங்கமாட்டம் இருப்பானே. இது ஏதோ உடம்பு சரியில்லாதவன் மாதிரில்ல இருக்கு."

"சரியில்லாமத்தான் இருந்தாரு மாமா" என்றேன்.

யாழினி என்னைப் பார்த்தாள். மாலையை எடுத்து உங்கள் அண்ணனே போட்டார்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு படத்துக்குக் கிட்டே போய் நின்றேன். மீசை என்று கூப்பிட வாயெடுத்தேன். வரவில்லை. ஒரு மாசம் அந்த முகத்தோடு வீட்டில் இருந்தீர்கள், துண்டை எடுக்கவே இல்லை, நான் பக்கத்தில் வந்து பார்க்கவும் இல்லை. இப்போதுதான் பார்க்கிறேன். மேலுதட்டில், இடது பக்கம், ஒரு தழும்பு இருக்கிறது. சின்னதுதான். இத்தனை வருஷமும் மீசைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

ஏங்க... அது எப்பப் பட்டதுங்க?