இரண்டாம் தளத்தின் வீழ்ச்சிக் கணக்கு

மார்ச் 3, செவ்வாய்

மதிப்பிற்குரிய நாட்குறிப்புக்கு வணக்கம். இத்தனை நாள் தங்களைத் திறவாமல் வைத்திருந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். தாமதத்திற்குக் காரணம் சோம்பல் அன்று, சந்தேகம். சந்தேகத்தை எழுதிவிட்டால் அது குற்றச்சாட்டு ஆகிவிடும் என்று பேனாவைத் தொடாமல் இருந்தேன். இன்று பொறுக்க முடியவில்லை.

மாமாவின் இடுப்பில் கன்றிப்போய் நீலம் பாய்ந்திருக்கிறது. மாமா என் கணவரின் தந்தை. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். நான் பதிவு அலுவலராகப் பணிபுரியும் இதே முதியோர் இல்லத்தின் இரண்டாம் தளத்தில்தான் தங்கியிருக்கிறார். நடக்கிறார், எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத்தான் இயலவில்லை. எப்படி அடிபட்டது என்று கேட்டேன். "வண்டி பள்ளத்துல எறங்கிடுச்சும்மா" என்றார்.

அந்தத் தளத்தில் பகல் பணியில் இருக்கும் செவிலியரை எல்லோரும் 'புயல்' என்கிறார்கள். நடையின் வேகத்துக்காக வந்த பட்டப்பெயர். முதியவர்களிடம் கொஞ்சிப் பேச மாட்டாள். என்னைக் கண்டால் மட்டும் உதட்டோரம் ஒரு சுழிப்பு: "தள்ளி நில்லுங்கப்பா, செய்தி அறிக்கை வருது." நான் முழு வாக்கியங்களில் பேசுவது அவளுக்கு வேடிக்கை. இரவுப் பணியில் இருப்பவள் 'செல்லம்'. எல்லோரையும் அப்படியே அழைத்து அழைத்து அதுவே அவள் பெயராகிவிட்டது. என்னைக்கூட 'அக்கா செல்லம்' என்பாள். அவளிடம் மாமா இருக்கும்போது எனக்குக் கவலை இல்லை.

மேலாளர் இன்று அழைத்தார். முதியவர் ஒருவரின் மகன் புகார் கொடுத்திருக்கிறாராம். "போன ஒரு வருஷத்துல யாரு கைல அதிகமா விழுந்திருக்காங்கன்னு ஒரே பக்கத்துல குடுங்கம்மா. மாசக் கடைசில நர்ஸுங்க ஒப்பந்தம் புதுப்பிக்கணும். ஒருத்தரை அனுப்பியாகணும், அப்பதான் அந்தாளு வாய மூடுவாரு."

யாரை அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். இனி எண்களும் சொல்லட்டும்.

மார்ச் 4, புதன்

எஸ்க்யூஎல் என்னும் கணினி வினவல் மொழியை நான் எந்தக் கல்லூரியிலும் பயிலவில்லை. எவர் முன்னும் கைகட்டி நின்று கற்கவுமில்லை. உணவு இடைவேளைகளில் தவறு செய்து, திருத்தி, மீண்டும் தவறு செய்து கற்றேன். ஆகவே இன்று எழுதிய வினவலைப் பற்றிச் சற்றுப் பெருமை கொள்வதைத் தாங்கள் குறையாகக் கொள்ளலாகாது.

வீழ்ச்சி அட்டவணையில் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் ஒரு வரி உண்டு: நாள், அறை, காயம், குறிப்பு, ஊழியர் எண். முதலில் 'வேர்' (where) என்னும் வாயிற்காவலனை நிறுத்தினேன். அவன் வரிகளை ஒவ்வொன்றாக மறித்து, ஓராண்டுக்குள் நிகழ்ந்ததா, காயம் உண்டா என்று கேட்டுத்தான் உள்ளே விடுவான். உள்ளே வந்தவற்றை 'குரூப் பை' ஊழியர் எண் வாரியாகக் கூட்டம் கூட்டமாக அமர்த்தியது. 'கவுண்ட்' தலைகளை எண்ணியது. கடைசியில் 'ஹேவிங்'. இவனுக்குத் தனி வரிகள் கண்ணுக்குத் தெரியா; அமர்ந்த கூட்டங்களை மட்டுமே பார்ப்பான். சிறிய கூட்டங்களை எழுப்பி அனுப்பிவிடச் சொன்னேன். ஒன்றிரண்டு வீழ்ச்சி யாருக்கும் நேரும் அல்லவா.

விடை வந்தது. முதலிடம் புயல். அடுத்தவரைப் போல நான்கு மடங்கு.

செல்லம் பட்டியலிலேயே இல்லை. ஹேவிங்கை நீக்கிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. வீழ்ச்சியே நேராதவருக்கு வரி இல்லை. வரி இல்லாதவருக்குக் கூட்டமும் இல்லை. அப்பழுக்கற்றவர்கள் அறிக்கையில் தோன்றுவதே இல்லை என்பது எத்தனை அழகு!

மார்ச் 5, வியாழன்

யாரோ என் நாற்காலியின் உயரத்தை மாற்றியிருக்கிறார்கள். விசாரிக்கவில்லை. கவனித்து வருகிறேன்.

மார்ச் 6, வெள்ளி

அறிக்கையைக் காலையில் ஒப்படைத்தேன். மதியத்திற்குள் புயலைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார் மேலாளர். விசாரணை எதுவும் நடக்கப்போவதில்லை. மாதக் கடைசியில் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும்.

போகும் வழியில் என் அறை வாசலில் நின்றாள். கையில் ஒரு பை, வெளியில் போடும் செருப்பு.

"அக்கா, நீங்கதான் குடுத்தீங்களாமே."

"என்னிடம் கேட்கப்பட்ட தரவுகளைத் திரட்டி அளித்தேன். எவர் மீதும் எனக்குத் தனிப்பட்ட..."

"சரி சரி, இப்ப செய்தி வாசிக்காதீங்க. அத்தனையும் நான் எழுதினதுதான். எழுதினதுக்கு நல்ல கூலி குடுத்துட்டீங்க." சற்று நேரம் என் திரையையே பார்த்தாள். "உங்க மாமாவ இடது பக்கம் படுக்க விடக் கூடாது. அதையாவது யார்கிட்டயாச்சும் சொல்லிடுங்க."

போய்விட்டாள்.

அத்தனையும் தான் எழுதியது என்று அவளே சொன்னாள். இது ஒப்புதல் வாக்குமூலம் இல்லாமல் வேறென்ன? என் மனத்தைக் கலைக்கத்தான் கடைசி வாக்கியத்தை விட்டுச் சென்றிருக்கிறாள். கெட்டிக்காரி.

மார்ச் 8, ஞாயிறு

கணவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்துவிட்டு, "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார்.

"எண்களிடம் கேட்டேன்."

"நீ முதல்ல தீர்ப்ப எழுதிருவ. அப்புறம்தான் சாட்சியத் தேடுவ. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்குறேன்."

இவர் எதற்கு அவளுக்குப் பரிந்து பேசுகிறார்? அடிபட்டவர் இவருடைய அப்பா! நான் மெனக்கெட்டது யாருக்காக? இனி இவரிடம் அலுவலகச் செய்தி எதுவும் சொல்வதாக இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

மேலாளர் பிஸ்கட் பொட்டலத்துடன் என் அறைக்கே வந்தார். நான் வேலைக்கு வந்து மூன்றாண்டுகளில் இது முதல் முறை. "பாத்தீங்களா? அந்தப் பொண்ணு போனதுலேர்ந்து ரெண்டாவது மாடில ஒண்ணுகூட இல்ல!"

வினவலை ஓட்டிச் சரிபார்த்தேன். உண்மைதான், ஒரு வரியும் இல்லை.

ஒன்றுகூடவா இல்லை? இருபதுக்கு மேற்பட்ட முதியவர்கள், ஈரமான குளியலறைகள், கழன்று கழன்று விழும் காலணிகள். பட்டியலில் புயலுக்கு அடுத்து வந்தவர்களின் கணக்கும்கூட நின்றுவிட்டதே. நான் நல்ல செய்தியையும் நம்பாதவளாகிவிட்டேனா?

பிஸ்கட்டைத் தொடவில்லை.

மார்ச் 11, புதன்

மாமாவின் முழங்கையில் புதுக் காயம். மேல்தோல் உரிந்து, துணி ஒட்டியிருந்தது. அட்டவணையில் அதற்கு வரி இல்லை.

"எப்ப விழுந்தீங்க மாமா?"

"விழுந்தேன்னு நான் சொன்னேனா?" குரலைத் தாழ்த்தினார். "நான் விழலையாம். சறுக்கினேனாம். செல்லம்தான் சொல்லுச்சு. 'சறுக்கினதெல்லாம் யார்ட்டயும் சொல்லக் கூடாது செல்லம் அப்பா, பேப்பர்ல ஏத்திருவாங்க'ன்னு."

"போன தடவை, இடுப்பில் பட்டதே?"

"அதுவும் சறுக்கல்தான். ராத்திரி பூரா கீழயே கெடந்து சறுக்கினேன். காலைல அந்த வேகமா நடக்குற பொண்ணு வந்து தூக்கி உக்கார வச்சுது. ஏம்மா, அதை எங்க காணோம்? லீவா?"

ஒட்டியிருந்த துணியை நனைத்து மெல்லப் பிரித்தேன்.

மார்ச் 12, வியாழன்

பதிவுத் திரையை வடிவமைத்துத் தந்த கணினிப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்து, 'ஊழியர் எண்' என்ற நெடுவரிசை யாரைக் குறிக்கிறது என்று கேட்டேன். "லாகின் பண்ணி என்ட்ரி போடறவங்க நம்பர்ங்க அது. தானா வந்து உக்காந்துக்கும். விழும்போது யாரு ட்யூட்டில இருந்தாங்கன்னு நாங்க கேக்கவே இல்லையே."

அப்படியானால் நான் வீழ்ச்சிகளை எண்ணவில்லை. வீழ்ச்சிகளை எழுதியவர்களை எண்ணியிருக்கிறேன். அதிகம் எழுதியவளைக் குற்றவாளி என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். தொகுக்காமல், எண்ணாமல், அவள் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். கூட்டமாக அமர்த்திவிட்டால் தனி வரி பேசாது. நானோ அமர்த்துவதற்கு முன்பும் பேசவிடவில்லை. ஒவ்வொன்றிலும் குறிப்பு இருந்தது. 'காலையில் வந்தபோது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கி வெந்நீர் கொடுத்தேன்.' 'இரவு எத்தனை மணிக்கு என்று அவருக்குத் தெரியவில்லை.' 'காயம் பழையது போல் இருக்கிறது, நேற்றையதாக இருக்கலாம்.'

மாமாவுடைய வரியும் இருந்தது. 'லாரி பள்ளத்தில் இறங்கியதாகச் சொல்கிறார். இடது இடுப்பு. மருத்துவருக்குச் சொல்லியாயிற்று. மருமகள் பதிவறையில்தான் இருக்கிறார், அவரே படித்துக்கொள்வார்.'

படிக்கலியே. நான் படிக்கவே இல்லியே.

மார்ச் 13, வெள்ளி

குறிப்புகளிலிருந்து நேரத்தைக் கணித்து, வீழ்ச்சி அட்டவணையைப் பணிமுறை அட்டவணையோடு இணைத்து, இம்முறை பணியில் இருந்தவர் வாரியாகத் தொகுத்தேன். இரவு வீழ்ச்சிகளே மிகுதி. முதலிடத்தில் செல்லம். புயலின் பகல் நேரத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

மேலாளரிடம் கொண்டுபோனேன். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "சரி, விடுங்கம்மா. இந்தப் பேரை எடுத்துட்டு அந்தப் பேரைப் போட்டுக் குடுங்க. நமக்கு ஒரு பேரு வேணும், அவ்வளவுதானே."

அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவருக்கு என்ன அவசரம்? ஒரு பெயர் கிடைத்துவிட்டால் வேறெதைப் பற்றி எவரும் கேட்கமாட்டார்கள்?

செல்லத்தின் பணிநேரத் தொடக்கம் வரை காத்திருந்தேன். உடை மாற்றும் அறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் தொடங்குமுன்னே அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, ராத்திரி ஒரு மாடிக்கு நான் ஒருத்தி. இந்தப் பக்கம் ஒருத்தரைத் தூக்கி உக்கார வைக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் ஒருத்தர் இறங்கிடுறாங்க. எழுதினா என் நம்பர்ல ஏறும். அதிகம் ஏறினவங்களை ஒருநாள் அனுப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா."

"அதற்காக மாமாவை இரவு முழுதும் தரையில் விடலாமா?"

"தூக்க முடியலக்கா. கம்பளி போத்திவிட்டேன்." பிறகு மெதுவாக, "இப்ப புயல் போன கதைய எல்லாரும் பாத்துட்டாங்க. எந்த மாடிலயும் இனி ஒருத்தரும் எழுதமாட்டாங்க."

இம்முறை அவள் என்னை 'அக்கா செல்லம்' என்று அழைக்கவில்லை. நானும் அவளை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை. ஆனால் என் வினவலை, நான் எழுதுவதற்கு எத்தனையோ மாதம் முன்பே, அவள் படித்து முடித்திருந்தாள்.

மார்ச் 14, சனி

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்பார் என்று எதிர்பார்த்து, பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் எழுந்து போய், அப்பாவுக்கு என்று கனமான ஒரு ஜோடிக் காலுறை வாங்கி வந்தார்.

மார்ச் 17, செவ்வாய்

முதல் அறிக்கை பிழையானது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். இரண்டாவது தாளில் ஊழியர் வாரியாகத் தொகுக்கவே இல்லை. பணிமுறை வாரியாகத் தொகுத்தேன்: ஒரு பணியாளருக்கு எத்தனை முதியவர், எத்தனை வீழ்ச்சி. பெயர் கேட்டவருக்குப் பெயரே இல்லாத பக்கம். மேலாளரிடம் ஒரு படி. அவர் மேசை இழுப்பறையை நான் நம்பாதபடியால், நிர்வாகக் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு படி.

"என்னம்மா, எனக்கே ஆப்பு வைக்கிறீங்களா?" என்றார் மேலாளர்.

"கேட்கப்பட்ட தரவுகளைத் திரட்டி அளித்திருக்கிறேன்" என்றேன்.

மார்ச் 19, வியாழன்

புயலின் இடைநீக்கம் ரத்து. இரவுப் பணிக்கு இரண்டாவது ஆள் குறித்து 'பரிசீலிக்கப்படும்'. அந்தச் சொல்லை நான் நன்கு அறிவேன், பின்தொடர்வேன்.

புயலைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தேன். வேறொரு இல்லத்தில் கேட்டிருக்கிறாளாம் என்று சமையலறையில் பேசிக்கொள்கிறார்கள்.

மார்ச் 20, வெள்ளி

அவளுக்கு ஒரு கடிதம் வரைந்தேன். 'பெருமதிப்பிற்குரிய செவிலியர் அவர்களுக்கு, தங்கள்பால் நிகழ்ந்துவிட்ட' என்று தொடங்கி முதல் பக்கம் முழுவதும் ஒரே வாக்கியமாக ஓடியது. படித்துப் பார்த்தேன். யாருக்கோ யாரோ தவறு செய்துவிட்டதைப் போல் இருந்தது. கிழித்துவிட்டேன். அனுப்பியதன் படி கீழே:

'தங்கச்சி, தப்பு என்னுடையது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிக் கொடுத்தேன். அதைத் திரும்பப் பெற்றுவிட்டேன், தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன்.

இன்று மாலை மாமாவைக் கட்டிலில் உட்கார வைக்கும்போது என் கையிலிருந்து நழுவி விழுந்துவிட்டார். பெரிய அடி இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள், எதற்கு எழுதுகிறீர்கள், விடுங்கள் என்றார்கள். நானே லாகின் செய்து எழுதினேன். இந்த மாதம் உங்கள் தளத்தில் நீங்கள் போன பிறகு ஏறிய ஒரே வரி அதுதான். என் எண்ணில் இருக்கிறது.

இடது பக்கம் படுக்கவிடுவதில்லை. ஆனால் அவரை எப்படித் தூக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை வருவீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்.'