நான் ஓடிய ஷாட்

மே 6, செவ்வாய்
காலை ஏழுக்கே வெயில் சுடுகிறது. தாயில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டில் ஷூட்டிங். நான் நடிக்கும் மூன்றாவது படம், சொந்த ஊரில் முதல் தடவை.

டைரக்டரோடு அதே வழக்குதான். குத்துச்சண்டையில் பத்து வருஷம், கை கீழே இறங்கினால் மாஸ்டர் செருப்பால் அடிப்பார். இங்கே கை தன்னால் முகத்துக்கு முன்னால் போனால் கட். முகம் தெரிய வேண்டுமாம். உடைந்த மூக்கைப் பார்க்க அவ்வளவு ஆசை.

நாளை வெடி சீன். கெஞ்சிச் சொல்லிவிட்டேன்: புகை மட்டும் போதும், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சுற்றிலும் பட்டாசு ஆலைகள். அக்கா வேலை செய்கிற ஆலை கூப்பிடு தூரம். சரி என்றார். சத்தம் வராது என்று அம்மாவிடமும் தெருவிலும் சொல்லியாயிற்று.

வாங்க வேண்டியது: எலுமிச்சை, முழங்காலுக்கு பேண்டேஜ்.

மே 7, புதன்
எழுத்து கோணல்.

பதினோரு மணி. அம்மா குடை பிடித்து நாற்காலியில், நான் நடிப்பதைப் பார்த்துக்கொண்டு. டைரக்டர் ஆக்‌ஷன் என்றார். வெடித்தது. காது அடைத்துவிட்டது. ஆலைதான் என்று நினைத்தேன். அக்கா.

ஓடினேன். அம்மாவும். ஊரிலிருந்து பெண்கள், செருப்பில்லாமல், மகள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு. ஆலை கேட்டுக்கு வெளியே வேலையாட்கள் எல்லாரும் நின்றார்கள். அவர்களும் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள். நடுவில் அக்கா, முழுசாக. கையெல்லாம் அலுமினியப் பொடி.

வெடித்தது எங்கள் வெடி, ஆலைப் பக்கமாகப் புதைத்திருக்கிறார்கள். டைரக்டர் நிதானமாகச் சொன்னார்: "முன்னாடியே சொன்னா நடிச்சிருவீங்க. எனக்கு நிஜ பயம் வேணும்." அடிப்பது என் தொழில். ஏன் அடிக்காமல் வந்தேன், தெரியவில்லை.

சாயங்காலம் அம்மா காலில் மூன்று கருவேல முள் எடுத்தேன். அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ஏலே, சத்தம் கேட்டதும் நீ என்ன செஞ்ச?"

"நாந்தாங்க்கா மொதல்ல ஓடியாந்தேன்."

என் முதல் கிளவுஸ் அவள் வாங்கிக் கொடுத்தது. தலையைத் தடவிவிட்டுச் சோறு போட்டாள்.

மே 8, வியாழன்
மூட்டம். மழை இல்லை.

நேற்றைய ஷாட்டை மானிட்டரில் பார்த்தேன். நான்கு தடவை.

வெடிக்கிறது. நான் ஓடவில்லை. இரண்டு முஷ்டியும் முகத்துக்கு முன்னால். தாடை நெஞ்சில், முழங்கை விலாவில். மாஸ்டர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். குடை பறக்கிறது. அம்மா என்னைத் தாண்டிப் புகையைப் பார்த்து ஓடுகிறாள். அவள் திரையில் விரல் அளவு ஆகும் வரை நான் அசையவில்லை.

கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் முதலில் ஓடினேன் என்றே சொல்லியிருப்பேன்.

முகமே தெரியவில்லை, உதவாது என்று டைரக்டர் அழிக்கச் சொல்லிவிட்டார். நான் தடுக்கவில்லை.

இப்போது அக்கா போன். "நீ ஓடியாந்தது படத்துல வருமாலே? கம்பெனில எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."