செவலை நக்கிய பலகை

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

தோட்டத்து ஷெட்டின் அடிப்பலகையைத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். பாதிவரை இறங்கிவிட்டது. உள்ளே கரையான். இப்படியே விட்டால் மழைக்கு முன்னால் ஷெட்டே சாய்ந்துவிடும்.

தொண்டாமுத்தூர் கடையில் மரத்துக்கு அடிக்கிற கரையான் மருந்து வாங்கி வந்தேன். "ரெண்டு கோட்டு அடிச்சுப்போடுங்க, அஞ்சு வருசத்துக்குக் கவலையில்லீங்க" என்றார் கடைக்காரர். டின்னில் பொடி எழுத்தில் என்னென்னவோ போட்டிருக்கிறது. கையுறை வேண்டும். வாயில் படக்கூடாது. காயும்வரை ஆடு மாடுகளை அண்ட விடக்கூடாது. நாலு தடவை படித்தேன்.

"மருந்துன்னா அப்படித்தான் போட்டிருப்பாங்க. படிச்சுப் படிச்சே நீ பயந்துக்குவே ராமாமணி" என்றார் என் வீட்டுக்காரர்.

பிப்ரவரி 10

முதல் கோட்டு முடிந்தது. பலகை ஊற்ற ஊற்றக் குடிக்கிறது. மாஸ்க் போட்டும் நெடி தாங்கவில்லை. தலைவலி.

போன மாதம் யானை சாய்த்துவிட்டுப் போன வேலி இன்னும் அப்படியே கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்து பாவாத்தாள் அக்காவின் மாடு அந்த வழியாக அவ்வப்போது உள்ளே வரும். குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். போதுமா?

பிப்ரவரி 11

போதவில்லை.

மருந்தைத் தட்டில் ஊற்றி இரண்டாவது கோட்டு அடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, உள்ளே போனேன். பத்து நிமிடம் — பதினைந்தா? திரும்பி வந்தால் செவலை நிற்கிறது. அக்காவின் சினை மாடு, எட்டு மாதம். ஈரப் பலகையை நக்கிக்கொண்டிருந்தது. தட்டு கவிழ்ந்து கிடந்தது. மண்ணுக்கு எவ்வளவு போச்சு, அது வாய்க்கு எவ்வளவு போச்சு?

விரட்டினேன். நன்றாகத்தான் நடந்து போனது. அக்கா வீட்டில் இல்லை. வந்ததும் சொல்லிவிடணும்.

மாலையில் வந்தார். சொல்லவில்லை.

பிப்ரவரி 12

காலையில் எட்டிப் பார்த்தேன். மேய்ந்துகொண்டுதான் இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

சாயங்காலம் அக்கா வேலியோரம் வந்து கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, செவலை தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்குது. வாயில நொரையா ஒழுகுது. எதைத் தின்னுபோட்டுதோ."

"வெயிலா இருக்குமுங்க அக்கா" என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை? யோசிக்கக்கூட இல்லையே. அத்தனை சுளுவா எப்படிச் சொன்னேன்?

பிப்ரவரி 13

கால்நடை டாக்டர் சசிதர் அஜீரணம் என்று ஊசி போட்டாராம். அப்படியும் மாடு படுத்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அஜீரணம்னு டாக்டரே சொல்லீட்டாரு. நீ ஏன் போய் மாட்டிக்கறே? காலத்துக்கும் பக்கத்துல இருக்கோணும்" என்றார்.

"இருக்கோணும், அதுக்குத்தான் சொல்லோணும்."

டின்னைத் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். பலகை, தட்டு, போன், நான் சொன்ன பொய், எல்லாம்.

அவர் என்னைத் திட்டவில்லை. "நேத்துக் கேட்டனே. வெயில்னீங்களே" என்றார். அவ்வளவுதான். பிறகு போனை நீட்டினார். "டாக்டருக்கு நீங்களே சொல்லுங்க."

டாக்டர் உடனே வந்தார். டின்னில் இருந்ததைப் படித்தார். விஷத்தை உறிஞ்சிக்கொள்ள, குழாய் வைத்துக் கரிக் கரைசல் ஊற்றினார், குளுக்கோஸ் ஏற்றினார். "நேத்தே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்குமுங்க" என்றார். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை.

பிப்ரவரி 14

எழவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

செவலை எழுந்து நின்றுவிட்டது. அசைபோடுகிறது. வீட்டுக்காரர்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அங்கே போக எனக்கு முகமில்லை. வயிற்றில் இருக்கிற கன்றைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். இன்னும் ஒரு மாதம். ஒரு மாதம் எப்படி இருப்பேன்?

பிப்ரவரி 20

ஆள் வைத்து வேலியைச் சரிசெய்தோம். கல் ஊன்றி, கம்பி இழுத்து, பலமாக. அக்கா அந்தப் பக்கம் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "அக்கா" என்றேன். காதில் விழுந்ததோ இல்லையோ, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 5

ஷெட்டில் ஒரு கரையான்கூட இல்லை. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

விடிந்ததும் அக்காவின் குரல். "அம்மணி, ஒரு கை புடிக்க வாங்க. கன்னு வர மாட்டேங்குது. டாக்டர் வர நேரமாகுமாமுங்க."

செருப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை. முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன. "செவலை முக்கறப்ப மட்டும் இழுங்க" என்றார். இருவரும் சேர்ந்து இழுத்தோம். கடைசியில் மொத்தமாக வைக்கோலில் வந்து விழுந்தது. அசையவில்லை. அக்கா மூக்கிலிருந்த சளியை வழித்து, வைக்கோலால் தேய் தேயென்று தேய்த்தார். நான் சும்மா நின்றேன். சாமி பேர்கூட ஒன்றும் வாயில் வரவில்லை.

தும்மியது.

கிடாரிக் கன்று. டாக்டர் வந்து பார்த்தார். இளைத்திருக்கிறது, எழுந்து பால் குடிக்கத் தெம்பில்லை, இரண்டு மூன்று நாளைக்குப் பாட்டிலில் ஊட்டணும் என்றார். "அந்த மருந்தாலயா டாக்டர்?" என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாமுங்க."

கிளம்பும்போது அக்கா கையில் தண்ணீர் ஊற்றினார். சோப்பும் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கன்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு மத்தியானம் நான் மார்க்கெட்டுக்குப் போவோணும். பால் கறந்து வெச்சுட்டுப் போறேன். பன்னெண்டு மணிக்கு வந்து நீங்க ஊட்டிப்போடுங்க."

எவ்வளவு சூடு, எவ்வளவு பால், தலையை எப்படிப் பிடிக்கணும், எல்லாம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. பதினொன்றரைக்கே போய்விடுவேன்.