இந்த ஜூனிலேயே அனுப்பு

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை, அப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறார். அரிசோனா வெயிலில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரியில் இரண்டாவது தடவையும் இடம் இல்லை என்றதும், ஒரு வருடம் பொறுத்து விண்ணப்பி என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா, அதைக் கிழித்துப் போடு. மூன்று தடவைக்கு மேல் அவர்கள் பார்க்கமாட்டார்கள், மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று என்ற பயத்தில் எழுதியது அது. நீ ஃபோனில் சொன்னதைக் கேட்டபிறகு பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

உன் மதிப்பெண்ணில் குறை இல்லையாம், பரிந்துரைக் கடிதங்களில்தான் யாரும் உன்னைப் பெரிதாகச் சொல்லவில்லையாம். மறுநாளே நம் ஊர் கிளினிக்குக்குப் போய் டாக்டர் டொல்லெஃப்சனைப் பிடித்தேன். மூன்று கோடைக்காலம் உங்களிடம் வேலை செய்த பெண்ணைப் பற்றி என்னதான் எழுதினீர்கள் என்று கேட்டால், குறை சொல்ற மாதிரி ஒண்ணுமில்லன்னு எழுதினேன் மார்லிஸ், என் பொண்டாட்டியக்கூட நான் அவ்வளவு புகழ்ந்ததில்ல என்கிறார். நம் ஊரில் அதுதான் உச்சகட்டப் புகழ்ச்சி, அரிசோனாக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? நீயும் லேசுப்பட்டவள் இல்லை. விண்ணப்பத்தோடு நீ வைத்த கட்டுரையைப் படித்தேன். பெட்ரோல் பங்கில் விழுந்துகிடந்தவருக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை இருபது நிமிடம் நெஞ்சை அழுத்தியவள் நீ ஒருத்தி, அதை ‘நாங்கள் உதவினோம்’ என்று எழுதியிருக்கிறாய். யாரடி அந்த நாங்கள்? பங்கில் இருந்த இன்னொருவன் கையில் காப்பியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது, நர்ஸாப் போனாப் போதாதா, அவளுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய ஆசை என்று டெலோரஸ் அத்தை எல்லார் முன்னாலும் கேட்டாள். இந்த ரூம்ல இருக்குற அத்தனை பேரையும்விட என் பொண்ணு கெட்டிக்காரி, உன் நெஞ்சு நின்னு போனா அவளத்தான் தேடுவே என்று சொல்லிவிட்டேன். அப்பா தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகப் பெருமையடித்திருக்கிறேன், காதெல்லாம் சுட்டது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. ஆராதனைக்கு வந்திருந்த டாக்டர், எங்கள் கார் வரைக்கும் பின்னாலேயே வந்து, அந்தக் கடுதாசிய மறுபடி எழுதறேன் என்றார்.

ஆகவே பொறுக்காதே. குறை உன்னிடம் இருந்திருந்தால் ஒரு வருடம் என்ன, இரண்டு வருடம்கூடக் காத்திரு என்பேன். குறை சொன்ன விதத்தில் இருக்கிறது, அதைத் திருத்த ஆறு வாரம் போதும். கல்லூரி ஜூனில் விண்ணப்பங்களை வாங்க ஆரம்பிக்கும் முதல் நாளே உன்னுடையது அங்கே இருக்க வேண்டும். மூன்றாவது தடவையும் இல்லை என்றால் வேறு கல்லூரி பார்ப்போம். அவர்கள் சொல்லும் முன்னால் நீயே உன்னை வேண்டாம் என்று சொல்லாதே, அதை நான் பொறுக்கமாட்டேன்.

கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக. கட்டுரையை ‘நான்’ என்று தொடங்கி எழுது, மறக்காதே. டாக்டர் நேற்று முகமெல்லாம் சிவந்துபோய் என்னிடம் படித்துக்காட்டிய புதுக் கடிதத்தின் கடைசி வரி இது: எனக்குப் பிறகு இந்த ஊர் நோயாளிகளை இவள் கையில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் போவேன்.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அம்மா மார்லிஸ்