இரண்டு பேர் ஓட்டிய விமானம்

இன்று காலை அடுப்பில் விளக்கெண்ணெய் கருகிவிட்டது. குழந்தையின் வயிற்றில் தடவுவதற்காகக் கரண்டியில் சூடுகாட்ட வைத்த என் தங்கை மகள், கைப்பேசியைப் பார்த்தபடி அதை மறந்துபோனாள். புகை கூடம்வரை வந்துவிட்டது. "ஐயே, என்னா நாத்தம் பெரியம்மா" என்று ஜன்னலைத் திறக்கப் போனவளை, திறக்காதே என்று அதட்டினேன். கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும். உங்கள் சட்டையெல்லாம் வருஷக்கணக்கில் அந்த நாற்றம்தான் நாறியது. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

ரிங்லெட் டவுனில் இவள் வீட்டுக்கு வந்த பிறகு உங்களைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. பேச்செடுத்தால் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். நல்ல மனுஷன், பாவம், சீக்கிரம் போய்விட்டார் என்று. நீங்கள் அவ்வளவு நல்ல மனுஷன் ஒன்றும் இல்லை. முன்கோபி. சோறு ஒரு நிமிஷம் தாமதமானாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். அதனால் நேராக உங்களிடமே பேசிவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன். உங்கள் பேரை நான் வாயால் சொன்னதில்லை. கையாலும் எழுத வரவில்லை.

அந்த விளையாட்டு விமானம் நம் வீட்டுக்கு வந்தபோது உங்களுக்கு இரண்டு கைகளும் நன்றாக இருந்தன. தேயிலை ஆலையில் நீங்கள் ஃபிட்டர். தோட்டத்துச் சின்ன துரை ஞாயிற்றுக்கிழமைகளில் பந்துத் திடலில் அதைப் பறக்கவிட்டு, தேயிலைச் செடிக்குள் போட்டு, ஒடிந்த இறக்கையைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருவார். நீங்கள் ஒட்டிக் கொடுப்பீர்கள். மாற்றலாகிப் போகும்போது அவர் எல்லாவற்றையும் உங்களிடமே விட்டுப்போனார். விமானம், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ரேடியோ பெட்டி, வித்தைகளுக்கு அம்புக்குறி போட்டுக் காட்டிய ஒரு படப் புத்தகம். பெட்டியில் இரண்டு குச்சிகள் இருக்கும். இடது குச்சி என்ஜினின் வேகத்துக்கும் வாலைத் திருப்புவதற்கும். வலது குச்சி மூக்கை ஏற்றி இறக்கவும் உடம்பைச் சாய்த்துப் புரட்டவும். நேராகப் பறக்கவிடுவதையும் சுற்றிக் கொண்டுவந்து இறக்குவதையும் நீங்களாகவே கற்றுக்கொண்டீர்கள். அடுத்து வித்தைகள் என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தீர்கள். ஈப்போவிலிருந்து லோரிக்காரர் வாங்கிவரும் ஸ்பிரிட்டில், தானா ராத்தா டவுனில் காக்கா வைத்திருந்த மளிகைக் கடை விளக்கெண்ணெயைக் கலந்து அந்த என்ஜினுக்கு ஊற்றுவீர்கள். வாரமெல்லாம் கொழுந்தெடுத்துவிட்டு வருகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் புகையா என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

பிறகு ஒரு நாள், ஆலையில் தேயிலை உருட்டும் மெஷின் உங்கள் இடது கையின் விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரலையும் விடவில்லை. உள்ளங்கை மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் விமானத்தைக் கூரை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டீர்கள். ஃபிட்டர் வேலைக்கு இனி ஆகாது என்று, செடிக்கு மருந்தடிக்கிற கூட்டத்தில் உங்களைப் போட்டார்கள். முதுகில் மருந்து டாங்கி, மூக்கில் ஒரு துண்டு. நீங்கள் அழவில்லை. குடிக்கவும் இல்லை. குடித்திருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது. குடிக்கிற புருஷனை எப்படிக் கையாளுவது என்று லயத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லித்தருவாள். நீங்கள் சும்மா இருந்தீர்கள். போட்டதைத் தின்றீர்கள். கேட்டதற்கு ஒரு வார்த்தை. ஒரு நாள் சாப்பிடும்போது, குழம்புக்கு உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னீர்கள்: "ஒனக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு. புள்ளயும் இல்ல. நான் போயிட்டாலும் ஒனக்குக் கஷ்டம் இருக்காது."

நான் கரண்டியை எறிந்தேன். நீங்கள் அதை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் சாப்பிட்டீர்கள்.

அப்புறம் அந்த மத்தியானம். மருந்து வேலை முடிந்தும் வீட்டுக்கு வராமல் நீங்கள் அணைக்கட்டு ஏரிக்கரையில் நிற்பதாக லோரி டிரைவர் ஒருவர் நான் கொழுந்தெடுக்கும் மலைக்கு வந்து சொன்னார். கூடையை அங்கேயே போட்டுவிட்டு அவர் லோரியிலேயே ஏறி வந்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். என்னைக் கண்டதும், "பஸ்ஸுக்கு நிக்கிறேன்" என்றீர்கள். அங்கே பஸ் நிற்காது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை கூட்டி வந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலைதான். உங்களுக்கு உயிர்மேல் ஆசை வரவைக்க வேண்டும். நான் சாமி கும்பிட்டதும் சமைத்ததும் சண்டை போட்டதும் அதற்குத்தான்.

அடுத்த ஞாயிறு, முக்காலியில் ஏறி விமானத்தை அவிழ்த்துக் கீழே இறக்கினேன்.

"என்னா செய்யிற?"

"எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுங்க."

"இதுக்கு ரெண்டு கை வேணும்லா."

"ஒங்ககிட்ட ஒண்ணு இருக்கு. எங்கிட்ட ரெண்டு இருக்கு. எது கொறயுது?"

நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டீர்கள். நானும் விடவில்லை. சாயங்காலம்வரை விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். சமைக்கவில்லை. பசி வந்த பிறகுதான் சட்டையை மாட்டினீர்கள். ஆசையால் அல்ல, என் தொல்லை தாங்காமல்தான் திடலுக்கு வந்தீர்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

பெட்டி உங்கள் கழுத்தில் தொங்கும். அடியில் உங்கள் இடது உள்ளங்கை தாங்கும். வலது குச்சி உங்கள் விரலில். உங்கள் இடப்பக்கம் தோளோடு தோள் ஒட்டி நின்று, இடது குச்சியை என் வலது கட்டைவிரலால் பிடித்துக்கொள்வேன். பட்டப்பகலில், லயத்து ஜனமெல்லாம் பார்க்க, புருஷனும் பெண்டாட்டியும் இப்படி ஒட்டிக்கொண்டு நின்றால் சும்மா விடுவார்களா? கங்காணியின் சம்சாரம் குழாயடியில் என் காதுபடவே சொன்னாள்: "புள்ள இல்லாத வீட்டுல பொம்ம வெச்சு வெளயாடுறாங்க."

"ஆமாக்கா, எங்க பொம்ம எங்க போவுதுன்னு எங்களுக்குத் தெரியும். ஒங்க புள்ள எங்க போறான்னு பாத்துக்குங்க" என்றேன். அவள் மகன் அப்போது தானா ராத்தாவில் யார் பின்னால் சுற்றினான் என்று லயமே அறியும். ராத்திரி இதை உங்களிடம் சொன்னபோது உதட்டோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

முதலில் குட்டிக்கரணம். வீட்டுக்குள் சீப்பை விமானமாகப் பிடித்துக்கொண்டு காட்டுவீர்கள். சீப்பு மேலே ஏறும்போது "எண்ணெய் குடு" என்றால் என் குச்சியை முழுக்கத் தள்ள வேண்டும். உச்சியில் மல்லாந்ததும் "கொற" என்றால் இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கீழே இறங்கும்போது வேகம் கூடி இறக்கை பிய்ந்துவிடும். புத்தகத்தில் சொன்ன கணக்கு நம் மலைக்குச் சரிவரவில்லை. இங்கே காற்று லேசு, என்ஜினுக்கு மூச்சு வாங்கும், பாதி ஏற்றத்திலேயே சோர்ந்துவிடும். முன்னதாகவே எண்ணெய் கொடுக்கப் பழகினேன். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து திடலை மூடிவிடும். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். என் விரல் எப்போதும் ஒரு நொடி பிந்தியது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் "என்னாங்க" என்று நான் இழுத்து முடிப்பதற்குள் விமானம் பாதி தூரம் இறங்கியிருக்கும். ஆனாலும் ஒரு நாள் வட்டம் சரியாக வந்து, தொடங்கிய இடத்திலேயே முடிந்தது. நீங்கள் "ம்" என்றீர்கள். அவ்வளவுதான்.

அடுத்தது நின்று திரும்புவது. விமானத்தைச் செங்குத்தாக ஏற்ற வேண்டும். ஏறி ஏறி வேகம் செத்து, வானத்தில் அது நிற்கப்போகிற அந்தக் கணத்தில் வாலைத் திருப்ப வேண்டும். திருப்பினால் அழகாக ஒருபக்கம் சாய்ந்து, போன வழியே மூக்கு கீழாக இறங்கி வரும். பிந்தினால் வால் கீழாக வழுக்கி விழும். ஏற்றுவது உங்கள் விரல், திருப்புவது என் விரல். அன்று விமானம் ஏறிக்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்த உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் கொஞ்சம் திறந்து, கண் சுருங்கி, அந்த முகத்தில் ஆள் இருந்தது. "திருப்பு, திருப்பு" என்று நீங்கள் கத்தியது காதில் விழுவதற்குள் விமானம் பின்பக்கமாக வழுக்கி, சுழன்று, திடலோரத் தேயிலைக்குள் விழுந்தது.

"கண்ண எங்கடி வெச்சிருந்த?"

"ஒங்க மொகத்த பாத்தேன்."

"எம் மொகத்துல என்னா எளவு இருக்கு? மேல பாருடி, வெளக்கெண்ண."

நீங்கள் என்னைத் திட்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. திடலிலிருந்து வீடுவரை திட்டிக்கொண்டே வந்தீர்கள். வாசலிலும் நிறுத்தவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, மாரியம்மனுக்குத் தேங்காய் உடைப்பதாக மனசுக்குள் நேர்ந்துகொண்டேன். அன்று சோறு இரண்டாம் முறை கேட்டு வாங்கினீர்கள். ஒடிந்த இறக்கையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஒற்றைக் கையால் பசை தடவினீர்கள். விடிந்தும் விடியாமலும் எழுந்து காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்தீர்கள்.

மல்லாக்கப் பறப்பதற்குத்தான் வருஷங்கள் ஆயின. புரட்டிப் போட்ட பிறகு எல்லாம் மாறிவிடும். மூக்கு தொங்கினால் குச்சியை இழுக்கத்தான் கை பரபரக்கும். இழுத்தால் நேராகத் தரைக்குப் போய்விடும். தள்ள வேண்டும். "கைய நம்பக் கூடாது. பயத்துல அது இழுக்கத்தான் பாக்கும்" என்பீர்கள். எத்தனை தடவை இழுத்து எத்தனை தடவை ஒட்டினோம். அதற்குள் உங்களுக்கு இருமல் வந்திருந்தது. ஒரு தடவை இருமலில் விரல் உதறி, விமானம் நம் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் இருமல் மருந்து கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடியும் டாங்கியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

ஒரு ஞாயிறு காலை அது நடந்தது. புரட்டினீர்கள், தள்ளினீர்கள். விமானத்தின் மஞ்சள் வயிறு வெயிலைப் பார்த்தபடி, திடலின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரைக்கும் கோடு போட்டது போலப் போயிற்று. நான் எண்ணெயைக் கூட்டாமல் குறைக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இறக்கியதும் புல்லிலேயே உட்கார்ந்து வெகுநேரம் இருமினீர்கள். இருமல் நின்றதும் சொன்னீர்கள்: "அடுத்த வருஷம் பெருசா ஒண்ணு கட்டணும் புள்ள. ரெட்ட றெக்க வெச்சு. ஈப்போவுல மரம் கெடைக்கும்."

அடுத்த வருஷம். அந்த வார்த்தையை உங்கள் வாயிலிருந்து கேட்கத்தான் நான் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த வருஷம் உங்களுக்கு ஆஸ்பத்திரியில் போயிற்று. முதலில் தானா ராத்தா, பிறகு ஈப்போ. நுரையீரல் இறுகிப்போய்விட்டது என்றார்கள். மருந்தடித்ததாலா, ஆலையின் தூசியாலா, இல்லை உடம்பிலேயே இருந்ததா என்று யாரும் சொல்லவில்லை. கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்கள். ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது மாதிரி இறைத்தீர்கள். டாக்டர் வரும்போதெல்லாம் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னும் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் கண்ணை மூடியபடி அமைதியாகப் போனார். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் நடுங்கினீர்கள்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அந்தப் பெரியவரின் மகள் என்னிடம் வந்தாள். "அக்கா, இவரு ரொம்ப ஆசய புடிச்சிக்கிட்டு இருக்காரு. விட்டுடச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. லேசா போயிடும்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் உங்கள் பக்கத்தில் வந்து குனிந்தேன். சொல்லத்தான் குனிந்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இன்னும் இருக்கணும் புள்ள" என்றீர்கள். கண்ணில் அவ்வளவு பயம். ஏரிக்கரையில் நின்ற ஆளிடம் அந்தப் பயம் இல்லை. நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. "இருப்பீங்க" என்றேன். அதற்கு மறுநாள் போய்விட்டீர்கள். மணிக்கட்டிலிருந்து உங்கள் விரல்களை நர்ஸ்தான் பிரித்துவிட்டாள்.

விமானம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கூரை ஒழுகி இறக்கை ஊறிப்போனது. குப்பையில் போட்டேன். கோபப்படாதீர்கள். எனக்கு அது ஒருநாளும் பெரிதாக இருந்ததில்லை.

இத்தனை வருஷமும் என்னைவிட்டுப் போகாதது இன்னும் இருக்கணும் என்ற உங்கள் அந்த ஒரு வார்த்தைதான். நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால் நீங்கள் சாவுக்குப் பயப்படாமல் போயிருப்பீர்கள். அந்தப் பயத்தை உங்களுக்கு ஊட்டி வளர்த்தவள் நான். நான் செய்தது நல்லதா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். இப்போது கேட்பதில்லை. பிள்ளை இல்லாத என்னோடு இந்த உலகத்தில் இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று ஒரே ஒருவர்தான் கெஞ்சினார். லேசாகப் போங்கள் என்று அந்த ஒருவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?